எஞ்சினுக்குத் தண்ணி காட்டியவர்

படகுத்துறையில் அவரை எல்லோரும் நேரில் 'மாஸ்டர்' என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும் 'உச்சு' என்பார்கள். இரண்டாவதுதான் நிலைத்த பெயர்.

யாருடைய படகிலாவது எஞ்சின் படுத்துக்கொண்டால் அவருக்கு ஆள் போகும். அவர் அவசரப்படாமல் வருவார். எஞ்சின் அறையின் பலகையைத் தூக்கச் சொல்வார். குனிந்து பார்ப்பார். பிறகு நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து, 'உச்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். துக்க வீட்டிலும் ஜனங்கள் உச்சுக் கொட்டுவதுண்டு. அதில் பேருக்காவது ஓர் இரக்கம் இருக்கும். இவருடைய உச்சில் அது மருந்துக்கும் கிடையாது. 'உன்கிட்ட வந்து மாட்டிக்கிச்சே இந்த எஞ்சின்' என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

வேலை தெரியாதவர் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அதுதான் துறைக்குப் பெரிய தலைவலி. ரப்பர் தேய்ந்த தண்ணீர் பம்பா, அடைத்த டீசல் ஃபில்ட்டரா, கோணலாக உட்கார்ந்த ஷாஃப்ட்டா என்று நீண்ட ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். சரியாக இருப்பதோடு நிறுத்திக்கொள்ளத்தான் அவருக்குத் தெரியாது. படகின் பின்பக்கம், விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிய வேண்டும், அந்த ஈரம்தான் ஷாஃப்ட்டைச் சூடேறாமல் காக்கும். புதிதாகப் படகு வாங்கிய ஒருவர் ஓட்டை என்று நினைத்து நட்டை இறுக்கி, ஷாஃப்ட்டைக் கருக வைத்துவிட்டார். மாஸ்டர் அதைப் பழுது பார்த்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அந்த மனிதர் துறைக்கு வரும்போதெல்லாம், "வாங்க, வாங்க. வீட்டுக் குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் ஸ்பேனர்தானா?" என்று கேட்டார். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் கேட்டார்.

பக்கத்து ஷெட்டில் இன்னொரு மெக்கானிக் இருந்தார். பருத்த உடம்பு, மெதுவான நடை. அவருக்கு ஒருமுறை ஒரு தவறு நேர்ந்தது. படகு எஞ்சின் வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் சைலன்சருக்குள் வந்து, புகை தள்ளுகிற வேகத்தில் வெளியே போகும். எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், தண்ணீர் உள்ளே வரும். தள்ளுவதற்குப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் வந்த வழியே ஏறி எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அதனால், ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை நாலு தடவைக்கு மேல் சுற்றுவதென்றால் முதலில் தண்ணீர் வால்வை மூட வேண்டும். பக்கத்து ஷெட்காரர் ஒருநாள் அதை மறந்து சுற்றோ சுற்றென்று சுற்றி, எஞ்சினைக் குளமாக்கிவிட்டார்.

விஷயம் காதில் விழுந்ததும் மாஸ்டர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்கப் போனார். உச்சுக் கொட்டினார். "மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க, பாத்திருக்கேன். எஞ்சினுக்குத் தண்ணி காட்டின ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். இது ஷெட் இல்லய்யா, குழாயடி" என்றார். அன்று முதல் அந்த மனிதருக்குப் பெயர் 'குழாயடி'. அவர் மனைவிகூட ஒருநாள் கோபத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டதாகக் கேள்வி.

மாஸ்டருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. டீசல் எஞ்சினை நிறுத்த, பக்கப் பலகையில் சிவப்புக் குமிழ் வைத்த ஒரு கம்பியை வெளியே இழுக்க வேண்டும். ஸ்டாப் கம்பி என்பார்கள். இழுத்தால் டீசல் நின்றுவிடும். மறுபடி உள்ளே தள்ளும்வரை ஸ்டார்ட்டர் எத்தனை சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. மாஸ்டர் வேலை முடித்துக் கிளம்பும்போது கம்பியை இழுத்தபடியே விட்டுவிடுவார். தான் இல்லாமல் யாரும் எஞ்சினைத் தொடக்கூடாதாம். மறுநாள் விவரம் புரியாத புதுப் படகுக்காரர் அலறியடித்து ஓடிவருவார். மாஸ்டர் போவார். சிவப்பு கண்ணில் பட்டதுமே அவர் கை தானாக அதைத் தள்ளிவிடும். பிறகு எஞ்சினின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிச் சாவியைத் திருப்புவார். எஞ்சின் உடனே பிடித்துக்கொள்ளும். "கைராசி" என்று படகுக்காரர் நெகிழ்ந்துபோவார். மாஸ்டர் அதை மறுத்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மின்விசிறி சுற்றினால் உச்சு. கதவு கிறீச்சிட்டால் உச்சு. ஆனால் அவருடைய உச்சுகளில் பாதிக்கு மேல் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. கிடங்கு ஒன்றில் மூட்டைகளுக்கு எண் போடுகிற வேலை அவனுக்கு. மாஸ்டரின் கல்யாணத்தன்று அவர் வந்த வண்டிக்குத் தவறான எண்ணெயை ஊற்றி நடுவழியில் நிறுத்திய புண்ணியவான் அவன்தான். மாஸ்டர் அதை மறக்கவும் இல்லை, யாரையும் மறக்க விடவும் இல்லை.

அப்படிப்பட்ட மச்சான் ஒருநாள் கிடங்கு வேலையை விட்டுவிட்டு, பழைய பயணிகள் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

அக்கரையில் தொழிற்சாலைகள் இருந்தன. காலையில் ஆட்களை ஏற்றிப்போய் மாலையில் திருப்பிக் கொண்டுவர, துறை அலுவலகம் இன்னொரு படகுக்கு அனுமதி தரப்போவதாக அறிவித்திருந்தது. அதிகாரி முன்னால் ஒருமுறை அக்கரைக்குப் போய் நிற்காமல் திரும்பி வந்து காட்ட வேண்டும். காட்டினால் அனுமதி. இல்லையென்றால் அது வரிசையில் அடுத்து நிற்கும் பெரிய படகுக்காரருக்குப் போய்விடும். பிறகு மச்சானுக்குக் கிடங்கும் கிடையாது, படகும் கிடையாது.

"என்னங்க, நீங்கதான் எஞ்சினைப் பாத்துக் குடுக்கணும்" என்றாள் மனைவி.

"கப்பல் முதலாளிக்கு நான் என்னத்தைப் பாக்கறது? மூட்டையா, நம்பர் போட? எஞ்சின்மா அது."

"எஞ்சின்னு தெரிஞ்சுதானே உங்ககிட்ட வந்தான். மூட்டைன்னா அவனே பாத்துக்குவானே."

மாஸ்டர் உச்சுக் கொட்டினார். ஆனால் மறுநாள் போனார்.

வேலையில் குறை வைக்கவில்லை. பம்புக்குப் புது ரப்பர் போட்டார். ஃபில்ட்டரை மாற்றினார். உப்பு பிடித்த குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். கை வேலை செய்ய, வாய் மச்சானைத் திட்டிக்கொண்டே இருந்தது. "அந்த ஸ்பேனரை எடு. அது ஸ்பேனரா? கரண்டி பிடிக்கிற மாதிரி பிடிக்கறான் பாரு. உன்னை நம்பி ஜனங்க ஏறப்போகுது. அதுங்களுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டு ஏத்து." மச்சான் எல்லாவற்றுக்கும் "சரி மாமா" என்றான். இப்படிச் சரி சொல்லியே அவன் தன்னைக் கேலி செய்கிறானோ என்று மாஸ்டருக்கு நெடுநாள் சந்தேகம்.

சோதனைக்கு முந்தின நாள் எஞ்சின் பட்டுப்போல ஓடியது. மாஸ்டர் கம்பியை இழுத்து நிறுத்தினார். வழக்கம்போல அப்படியே விட்டார். "காலையில தண்ணி வால்வை மட்டும் திறந்து வை. வேற எதையும் தொடாதே. நான் வந்து ஒரே சுத்துல எடுத்துத் தரேன்."

"சரி மாமா."

காலையில் துறை நிறையக் கூட்டம். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், படகுக்காரர்கள், வேடிக்கை பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள். அதிகாரி அம்மாள் தொப்பியைச் சரிசெய்தபடி துறைமேடையில் நின்றார். மாஸ்டர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ பொங்கியது. அவருடைய மனைவி அவருக்கு முன்பே வந்து படகில் உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். பிடிக்கவில்லை.

"தள்ளு" என்றார் மாஸ்டர், மேடைக்கும் கேட்கும்படி. "சாவியைத் திருப்பறதுக்கும் ஒரு கை வேணும்."

எஞ்சினின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் அவர் தட்டையும் மதிக்கவில்லை, அவரையும் மதிக்கவில்லை.

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள்.

மாஸ்டர் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுத்தார். ஃபில்ட்டரைத் திட்டினார். டீசல் விற்ற கடைக்காரரைத் திட்டினார். ஸ்டாப் கம்பியின் நினைவு ஒருகணம் வரத்தான் செய்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அப்படியானால் கம்பி உள்ளேதான் இருக்கிறது. திரும்பவும் சாவி. திரும்பவும் சுற்று. நிறுத்தினால் தோற்றதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, விரலைச் சாவியிலிருந்து எடுக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் வால்வைப் பற்றிப் பாடம் நடத்தியவருக்கு, காலுக்குக் கீழே அந்த வால்வு திறந்து கிடப்பது தோன்றவில்லை.

கடைசியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்டார்ட்டர் பாதிச் சுற்றில் அப்படியே நின்றுவிட்டது.

அந்தச் சத்தம் மாஸ்டருக்குத் தெரியும். பக்கத்து ஷெட்காரர் அதை விவரித்தபோது, பத்துப் பேர் முன்னால் வாயாலேயே செய்து காட்டிச் சிரிக்க வைத்தவர் அவர்.

"என்னங்க, வேர்த்து ஊத்துது. தண்ணி குடிங்க" என்று மனைவி எழுந்தாள். பக்கப் பலகையில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்தாள். பையின் பின்னால், விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சிவப்புக் குமிழ்.

மாஸ்டர் குமிழைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"பையை ஏன் அங்க மாட்டினே?"

"கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மாட்டினேன். ஏன், மாட்டக்கூடாதா?"

மாஸ்டர் யாரும் பார்க்காதபடி குமிழை உள்ளே தள்ளினார். தள்ளி இனி என்ன பிரயோஜனம்? எஞ்சினின் வயிறு முழுக்க உப்புத் தண்ணீர்.

மேடையில் கேலி ஆரம்பித்திருந்தது. எல்லாம் மச்சானுக்குத்தான். "கப்பல் முதலாளி, துடுப்பு வாங்கி வெச்சிருக்கியா?" "மூட்டைக்கு நம்பர் போட்டது போதாதுன்னு படகுக்கும் போட வந்துட்டான்!" ஒவ்வொன்றும் மாஸ்டர் அடித்துவிட்ட கேலி. அவர் சரக்கையே ஊர் திருப்பி விற்றுக்கொண்டிருந்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்க மாமா. நீங்க என்ன பண்ணுவீங்க. நான் பழைய எஞ்சினா பாத்து வாங்கினேன் இல்ல, எனக்கு வேணும்" என்றான்.

அதிகாரி அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், ஓடுமா ஓடாதா?"

"கொஞ்சம்... பாக்கணும் மேடம்."

"மத்த படகையெல்லாம் பாத்துட்டு சாயங்காலம் வரேன். அப்பவும் ஓடலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துட வேண்டியதுதான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டர் எஞ்சின் அருகில் உட்கார்ந்தார். என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்ற வேண்டும். அதையும் உடனே செய்ய வேண்டும். நாளை வரை விட்டால் உப்பு உள்ளே எல்லாவற்றையும் கல்லாக்கிவிடும். ஆனால் இன்ஜெக்டரைக் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். மேடையில் நிற்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். சும்மா இருந்துவிட்டாலோ, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. பழைய எஞ்சின், போய்விட்டது. வாங்கினவன் முட்டாள். ஊர் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாஸ்டர் அதைத்தான் செய்யப் பார்த்தார். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "இது ஆகாதுப்பா" என்று சொல்ல வாயும் திறந்தார்.

அதற்குள் மச்சான், "நீங்க வீட்டுக்குப் போங்க மாமா. அலைஞ்சது போதும். நான் பக்கத்து ஷெட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு தடவை திறந்து பாக்கச் சொல்றேன்" என்றான்.

மாஸ்டரின் வாய் மூடிக்கொண்டது. குழாயடி வருவார். அந்தப் பருத்த உடம்பை மெதுவாக எஞ்சின் அறைக்குள் இறக்குவார். இன்ஜெக்டரைக் கழற்றுவார். தண்ணீர் பீய்ச்சும். குழாயடி அதைப் பார்ப்பார். பிறகு நிதானமாக நிமிர்ந்து, துறையே கேட்க, உச்சுக் கொட்டுவார்.

மாஸ்டர் எழுந்துவிட்டார். மச்சான்மேல் வந்த பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மனசாட்சியும் இல்லை. அந்த ஓர் உச்சை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான். "எவனும் வர வேண்டாம். நானே பாக்கறேன்" என்றார்.

பாதி வேலையில் அடுத்த இடி விழுந்தது. இன்ஜெக்டர்கள் துருவேறி இறுகிப் போயிருந்தன. அவற்றை இழுத்தெடுக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். மாஸ்டரிடம் அது கிடையாது. "எஞ்சினை முழுக வைக்கிறவனுக்குத்தான் அது தேவை" என்று சொல்லி வாங்காமலே விட்டிருந்தார். துறையில் ஒரே ஓர் ஆளிடம் இருந்தது.

பக்கத்து ஷெட்டில் குழாயடி இரும்பு ஒன்றைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். தீப்பொறி பறந்தது. வாசலில் இரண்டு படகுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த இன்ஜெக்டர் இழுக்கிறது இருக்கா?" என்றார் மாஸ்டர்.

"என்னது?"

"இன்ஜெக்டர் இழுக்கிறது."

"மெஷின் சத்தத்துல கேக்கலை. சத்தமா சொல்லுங்க மாஸ்டர்."

"இன்ஜெக்டர் இழுக்கிறது!"

குழாயடி மெஷினை நிறுத்தினார். சரியாக மாஸ்டர் கத்தி முடித்த பிறகு நிறுத்தினார். "அதுவா, இருக்கே. எதுக்கு?"

"வேணும்."

"எதுக்குன்னு சொன்னாத்தானே எந்த சைஸ்னு எடுக்கலாம்."

"தண்ணி" என்றார் மாஸ்டர் பல்லுக்குள்.

"குடிக்கிற தண்ணியா? பானை அதோ."

"எஞ்சின்ல தண்ணி."

வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். குழாயடியின் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அலமாரியில் கையை விட்டுத் துழாவினார். நிதானமாகத் துழாவினார். எல்லாச் சாமானையும் எடுத்துப் பார்த்துவிட்டு, முதலில் கைபட்டதையே கடைசியாக எடுத்துக் கொடுத்தார்.

"கம்பியைத் தள்ளிட்டீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் கருவியைப் பார்த்தபடியே கேட்டார்: "எந்தக் கம்பி?"

"நீங்க இழுத்து விட்டுட்டு வருவீங்களே, அது. பாவம், நான் தண்ணி காட்டினேனே ஓர் எஞ்சின், அதுகூட நீங்க முந்தின நாள் வேலை பாத்துட்டுப் போனதுதான். கம்பி இழுத்திருந்ததை நான் அப்புறமாத்தான் பாத்தேன். சரி, போங்க. நேரமாகுது."

இத்தனை வருஷம் இந்த மனிதர் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, குழாயடி என்று கூப்பிட்டதற்கெல்லாம் 'என்ன மாஸ்டர்' என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். மாஸ்டர் கருவியை வாங்கிக்கொண்டு நடந்தார். நன்றி சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவர் எப்போதாவது பழகியிருந்தால்தானே வரும்.

அவர் படகுக்குத் திரும்புவதற்குள் செய்தி அவரை முந்திக்கொண்டு வந்திருந்தது. கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. மாஸ்டர் வால்வை மூடினார். சைலன்சரின் அடி மூடியைத் திறந்து வடித்தார். இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தார். "சாவியைத் திருப்பு" என்றார்.

"நானா மாமா?"

"உன் படகுதானே?"

மச்சான் திருப்பினான். எஞ்சினின் தலையிலிருந்து தண்ணீர் கூரைவரை பீய்ச்சி அடித்தது. பாதி கூரைக்கு, மீதி வெளுத்த சட்டைக்கு. மேடையில் யாரோ ஒருவர் ஆரம்பித்தார். அடுத்தவர் சேர்ந்தார். முழுத் துறையும் ஒன்றாக, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து: "உச்!"

மாஸ்டர் நிமிரவில்லை. முகத்திலிருந்து உப்புத் தண்ணீர் வடிய, "இன்னொரு தடவை திருப்பு. பயப்படாம திருப்பு" என்றார். தண்ணீர் வருவது நின்று வெறும் காற்று வரும்வரை சுற்ற வைத்தார். தண்ணீர் கலந்து பால் நிறத்தில் வந்த ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, இன்ஜெக்டர்களைத் திரும்ப மாட்டி, வால்வைத் திறந்து ஓடவிட்டு, மறுபடி வடித்து, மறுபடி ஊற்றினார். அத்தனை நேரமும் ஒருவரையும் திட்டவில்லை. மச்சான் ஸ்பேனரைக் கரண்டி மாதிரிதான் பிடித்திருந்தான். மாஸ்டர் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அதிகாரி அம்மாள் வந்தபோது எஞ்சின் வெள்ளைப் புகை விட்டு, இருமி, பிறகு ஒழுங்காகப் பிடித்தது. பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் புகையோடு துப்பிக்கொண்டு வந்தது. படகு அக்கரைக்குப் போனது, நிற்காமல் திரும்பியது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். மச்சான் அழுதுவிட்டான். "அழுது அதுலயும் தண்ணி விடாதே" என்றார் மாஸ்டர். தண்ணீர் பீய்ச்சிய பிறகு அவர் பேசிய முதல் கேலி அதுதான். யாரும் சிரிக்கவில்லை.

இதனால் அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியாது. வாய் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவர் இப்போது எந்தப் படகில் இறங்கினாலும், வாய் திறப்பதற்கு முன் படகுக்காரர் சுட்டுவிரலால் ஸ்டாப் கம்பியைக் காட்டுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. மாஸ்டரும் போய்ப் பார்க்கிறார். இழுத்த கம்பியை விட்டுவிட்டு வருகிற வழக்கமும் நின்றுபோனது. கைராசி என்று யாரும் இப்போது சொல்வதில்லை.

மச்சான் முதல் நாள் ஆட்களை ஏற்றிக் கிளம்பும்முன் மாஸ்டரை வந்து பார்க்கச் சொன்னான். ஸ்டாப் கம்பியிலிருந்து சற்றுத் தள்ளி, பலகையில் ஒரு புதுக் கொக்கி அடித்திருந்தான். அக்காவின் துணிப்பை அதில் தொங்கியது.

"அக்கா பையை மாட்டறதுக்கு மாமா. எப்படி இருக்கு?"

மாஸ்டர் குனிந்து கொக்கியை வெகுநேரம் பார்த்தார். நாக்கு அண்ணத்துக்குப் போனது.

"உச். கோணலா அடிச்சிருக்கே" என்றார்.

"சரி மாமா" என்றான் மச்சான், எஞ்சினை ஸ்டார்ட் செய்தபடி.